நாற்பத்தோராம் எண் டப்பா

சுந்தரமூர்த்தியின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, "இது என்னன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்று சொல்வது அவரைக் கன்னத்தில் அறைவதற்குச் சமம். புனேயின் கட்கி தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக அவர் பார்க்கிற வேலையே, மேஜைக்கு வருகிற உலோகத் துண்டு அளவுக்குச் சரியாக இருக்கிறதா இல்லையா என்று சோதித்துச் சொல்வதுதான். தலைமுடி அகலம் கூடினாலும் குறைந்தாலும் ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓய்வெடுப்பதில்லை. மனைவி அபயாம்பாள் வாங்கி வரும் முருங்கைக்காயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அது சாம்பாருக்குப் போகலாம்.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியில், ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் நஸ்ரின் என்ற பெண் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் காட்டினாள். அதில் 41 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த நாள் மயூரிக்கு ஆபரேஷன். மயூரி ஒரே மகள், பதினாறு வயது. சொந்த ஊரான மாயவரத்துச் சாமி மயூரநாதர் பேரை வைத்தே மகளுக்குப் பேர் வைத்தார்கள். புனேயில் அது சுத்தமான மராட்டிப் பேராகிவிட்டது. பத்தாவது பரீட்சை எழுதி முடித்த கையோடு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முதுகுத்தண்டு பக்கவாட்டில் பாம்பு மாதிரி வளைந்திருந்தது. திறந்து, நிமிர்த்தி, இரண்டு கம்பி வைத்து, இருபது திருகாணி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திருகாணியின் அளவு என்ன, எந்த உலோகம், யார் சோதித்தது என்று சுந்தரமூர்த்தி கேட்ட கேள்விகளில் அந்த டாக்டர் ஒரு மத்தியான ஓய்வை இழந்திருந்தார்.

நஸ்ரினின் அப்பா வாணியம்பாடிக்காரர், புனேயின் கேம்ப் பகுதியில் தோல் பை கடை வைத்திருந்தார். தமிழ் கேட்டதும் அபயாம்பாளுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

"பெரிய ஆபரேஷன் ஆன பிள்ளைங்களுக்கு முதல்ல கெடுறது தூக்கம்தான் அங்கிள்" என்றாள் நஸ்ரின். "வலியில தூக்கம் வராது. தூங்கலைன்னா வலி இன்னும் ஜாஸ்தியாத் தெரியும். ராத்திரியில நம்ம உடம்பே தூக்கத்துக்குன்னு ஒண்ணு சுரக்கும், மெலடோனின்னு பேரு. அதை மாத்திரையாக் குடுத்தா நல்லாத் தூங்குறாங்களா, சீக்கிரம் தேறுறாங்களான்னு ஒரு ஆராய்ச்சி நடக்குது. வீட்டுக்குப் போன நாள்லேந்து ஆறு வாரம், தினம் ராத்திரி ஒம்போது மணிக்கு ஒண்ணு. டாக்டர் பாத்துட்டுத்தான் குடுக்குறோம். கையில ஒரு வாட்ச் கட்டி விடுவோம், தூங்குறது முழிக்கிறது எல்லாம் அதுல பதிவாகும். காலையில ஒரு டைரி எழுதணும். அவ்ளோதான்."

"சரிம்மா. இதுல என்ன சிக்கல்?" எந்தப் பொருளிலும் ஒரு சிக்கல் உண்டு என்பது அவருடைய அனுபவம்.

"பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்குப் பாக்க அதே மாதிரி இருக்கும், உள்ள மருந்து இருக்காது. அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"எம்பொண்ணுக்கு எது?"

"தெரியாது அங்கிள்."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?"

"கம்ப்யூட்டருக்கு. அதுவும் மும்பையில இருக்கு."

சுந்தரமூர்த்தி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா அபயம்? எங்க ஃபேக்டரிக்கு இப்படி ஒரு டப்பா வந்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டோம்."

"நான் பண்றேன்" என்றாள் கட்டிலில் இருந்த மயூரி.

மூன்று பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நான்கு மாதமாக அவள் முதுகைப் பற்றி எல்லாரும் அவள் தலைக்கு மேலேயே பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய சம்மதத்தையும் கேட்டு வந்த முதல் காகிதம் இதுதான். அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும், அவளும் போட வேண்டும். அவள் தன் பேரை நிதானமாக எழுதி, கடைசி எழுத்துக்கு ஒரு நீள வால் போட்டாள். அதற்குப் பிறகு அப்பா போட்ட கையெழுத்து ரொம்பச் சின்னதாக இருந்தது.

ஆபரேஷன் ஆறரை மணி நேரம் நடந்தது. அதற்குள் சுந்தரமூர்த்தி ஒன்பது டீ குடித்தார், பதினோரு தடவை கழிவறைக்குப் போனார். இது அபயாம்பாள் எடுத்த கணக்கு. அவள் ஒரு டீகூடக் குடிக்கவில்லை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. டாக்டர் வெளியே வந்து நன்றாக முடிந்தது என்று இந்தியில் சொன்னபோது அவள் தமிழில் அழுதுகொண்டே அவருக்கு நன்றி சொன்னாள். அவருக்கும் புரிந்தது.

எட்டாவது நாள் ஏரவாடா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். இரண்டு அறை வீடு. உள்ளறையை மயூரிக்குக் கொடுத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் கூடத்தில் படுத்தார்கள். மயூரி தானாகத் திரும்பிப் படுக்கக் கூடாது. விரிப்போடு சேர்த்து உடம்பு மொத்தத்தையும் ஒரே வீச்சில் திருப்ப வேண்டும். அபயாம்பாள் அதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். சுந்தரமூர்த்தி விரிப்பைப் பிடித்தால் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பார்க்க நடுவில் நிறுத்திவிடுவார். ஆகையால் அவருக்கு அந்த வேலை தரப்படவில்லை.

வேறு வேலை இல்லாததால் அவர் மகளுடைய தூக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு மாத்திரை. பத்து மணிக்கு விளக்கை அணைப்பது. பத்தேகாலுக்குக் கதவு மெல்லத் திறக்கும். "பாப்பா, தூங்கிட்டியா?" தூங்கியிருந்தால் அந்தக் கேள்வியில் முழித்துக்கொள்வாள். முழித்திருந்தால், "இன்னும் தூங்கலையா?" என்று அடுத்த கேள்வி வரும். பிறகு மின்விசிறியைக் கூட்டுவது. குளிருமே என்று குறைப்பது. லோஹெகாவ் விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் கூரையை உரசுவது போலப் போனால், அது எழுப்பிவிட்டதா என்று பார்க்க வருவது. தெரு நாய் குரைத்தால், "சூ!" என்று ஜன்னலில் நின்று நாயைவிடச் சத்தமாக அதை அடக்குவது.

"அப்பா, பஸ் நா, போதும்" என்பாள் மயூரி. அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் தடுமாறும், மராட்டி கலந்துவிடும். "நீங்க வர்றீங்க, எனக்கு வந்த தூக்கம் போயிடறாங்க."

"தூக்கம் போயிடுது. போயிடறாங்க இல்ல" என்று திருத்திவிட்டுக் கதவைச் சாத்துவார்.

ஒரு வாரம் இப்படிப் போனது. மகளுடைய கண்ணுக்குக் கீழே கருவளையம். சுந்தரமூர்த்திக்கு மருந்தின் மேல் சந்தேகம் வந்தது. இது போலி மாத்திரைதான், தன் பெண்ணைக் கம்ப்யூட்டர் ஏமாற்றிவிட்டது. முதலில் பூதக்கண்ணாடி வைத்து ஒரு மாத்திரையைப் பார்த்தார். வெள்ளை, வட்டம், ஓரம் சீராக இருந்தது. குறை சொல்ல இடமில்லை. முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனையில் இருந்த முகுந்தின் மருந்துக் கடைக்குப் போனார். முகுந்த் டப்பாவின் எண்ணைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "காகா, இது ஆராய்ச்சி மருந்து. நான் தொடக்கூட மாட்டேன். நீங்களும் பத்திரமாத் திருப்பி வச்சுடுங்க" என்று இந்தியில் சொன்னான்.

ஒரு பொருளை உபயோகித்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற முடிவுக்கு அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு கேம்ப்பில், கூட வேலை பார்த்த ராமநாதனுக்குப் பிரிவுபசார விழா. சுந்தரமூர்த்திதான் பேச வேண்டும். மூன்று பக்கம் எழுதி, இஸ்திரி போட்ட சட்டைப்பையில் வைத்திருந்தார். மணி இரண்டுதான், நேரம் இருக்கிறது. அபயாம்பாள் துணி உலர்த்த மாடிக்குப் போன சமயம் பார்த்து டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கூடத்துப் பாயில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏதாவது நடக்கிறதா என்று கவனிப்பதாக ஏற்பாடு.

கண் திறந்தபோது மணி எட்டேகால். கைபேசியில் தவறிய அழைப்புகள் பதினான்கு. விழா முடிந்து ராமநாதன் மாலையோடு வீட்டுக்கே போய்விட்டிருந்தார்.

"அபயம்!" என்று எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் வருத்தத்துக்கு அடையாளமே இல்லை. "நிஜ மருந்துதான்! சந்தேகமே இல்ல! ஆறு மணி நேரம்!"

அபயாம்பாளுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "பொண்ணு மாத்திரையத் தின்னீங்களா?"

"சோதிச்சுப் பாத்தேன்."

"ஒம்போது நாளா நீங்களும் தூங்கல, எங்களையும் தூங்க விடல. இந்த நெலமையில உங்களுக்குக் கடலை மிட்டாய் குடுத்திருந்தாலும் தூங்கியிருப்பீங்க."

இது அவருக்குத் தோன்றவே இல்லை. டப்பாவை எடுத்து மூடியை இறுக்கினார். பிறகு, "பாப்பாகிட்ட சொல்லாதே" என்றார்.

ராமநாதனிடம் மட்டும் போனில் மன்னிப்புக் கேட்டார். விழா சீக்கிரம் முடிந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம்தான் என்று ராமநாதன் ஆறுதல் சொன்னார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் பரிசோதனை. டாக்டர் தையலைப் பார்த்தார், மயூரியை நாலடி நடக்கச் சொல்லிப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு நஸ்ரினின் அறை. அவள் டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்து, சின்னக் கரண்டியால் மாத்திரைகளைத் தள்ளித் தள்ளி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அவள் முகம் மாறியது.

"ஒண்ணு குறையுது. மயூரி, ஏதாவது ஒரு நாள் ரெண்டு போட்டியா?"

"இல்லையே."

"தூக்கம் வரலைன்னு தெரியாமப் போட்டிருந்தாக்கூட சொல்லிடு. திட்ட மாட்டேன். வலி மாத்திரையும் சாப்பிடுறே, அதனால எனக்குக் கண்டிப்பாத் தெரியணும்."

"நிஜமா போடலை தீதி. அம்மாதான் கையில குடுப்பாங்க." செய்யாத தப்புக்குப் பதில் சொல்கிற குரல்.

அபயாம்பாள் கணவரைப் பார்த்தாள். சுந்தரமூர்த்தி சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏழு மாதம் இருந்தது. அதற்கு மேல் அதில் படிக்க ஒன்றும் இல்லை.

"நான்தாம்மா" என்றார்.

"நீங்கதான் என்ன அங்கிள்?"

"போட்டுக்கிட்டேன். ஒண்ணு. ஞாயித்துக்கிழமை."

நஸ்ரின் சிரிக்கவில்லை. "உங்களுக்கு பீபி இருக்கா? வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று வரிசையாகக் கேட்டாள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "ஒருத்தருக்குன்னு குடுத்த மருந்தை இன்னொருத்தர் தொடக் கூடாது அங்கிள். உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா? நான் மயூரி மேல சந்தேகப்பட்டுட்டேன் பாருங்க." கடைசி வார்த்தை அவருக்குச் சுருக்கென்றது. அவர் மகளைப் பார்க்காமலே தலையை ஆட்டினார்.

அதோடு முடியவில்லை. நஸ்ரின் டைரியைப் பிரித்தாள். இரவில் எத்தனை தடவை விழித்தாய், என்ன காரணம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. மயூரி அதைத் தினமும் காலையில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். படிக்க வேண்டாம் என்று நஸ்ரின் முதலிலேயே சொல்லியிருந்ததால் சுந்தரமூர்த்தி அதை மட்டும் தொடவில்லை. அவர் மதித்த ஒரே விதி அது.

"திங்கட்கிழமை" என்று நஸ்ரின் வாசித்தாள். "வலி ரெண்டு. விமானம் ரெண்டு. நாய் ஒண்ணு. அப்பா ஏழு." அடுத்த பக்கம் திருப்பினாள். "செவ்வாய். வலி ரெண்டு. அப்பா எட்டு. புதன், வலி ஒண்ணு, அப்பா ஆறு. பக்கத்துல ஒரு குறிப்பு இருக்கு. ஜன்னல்ல நின்னு நாயோட சண்டை போட்டார்."

இப்போது நஸ்ரின் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். மயூரிதான் முதலில் சிரித்தாள். சிரித்ததும் முதுகு வலித்தது. "ஆயி கா!" என்று மராட்டியில் அலறி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள். அபயாம்பாள் மகளைத் தாங்கிப் பிடித்தபடி புடவைத் தலைப்பால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மாத்திரை குறைந்ததற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நஸ்ரின் பேனாவோடு நிமிர்ந்தாள். தொழிற்சாலையில் இதே கட்டத்தை நிரப்பாமல் வருபவர்களை சுந்தரமூர்த்தி வாசலிலேயே திருப்பி அனுப்புவார். இப்போது அவர் மறுபடி தீயணைப்பு உருளையைப் பார்த்தார்.

"அப்பாவா இருக்கிறதுன்னு எழுதுங்க" என்றாள் மயூரி.

நஸ்ரின் அதை ஆங்கிலத்தில் கொஞ்சம் மரியாதையாக மாற்றி எழுதிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அபயாம்பாள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, சுந்தரமூர்த்தி உள்ளறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையிலும் நாரை எடுத்து, கொட்டை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து மகள் கையில் கொடுத்தார்.

"எதுக்கு அப்பா ராத்திரியில அவ்வளவு தடவை வர்றீங்க?"

அவர் சுளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூச்சு விடுறியான்னு பாக்க."

"விடறேன் நா."

"தெரியும். இருந்தாலும்." கொஞ்ச நேரம் நாரை உரித்தார். "உன் முதுகு முதல்ல தையல்காரன் கண்ணுலதான் பட்டுச்சு பாப்பா. யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்தவன், ஒரு பக்கம் ஒண்ணரை இஞ்ச் இறங்குதுன்னு சொன்னான். நான் வேலையில நூல் அளவு கோணல் இருந்தாக் கண்டுபிடிக்கிறவன். தினம் ஸ்கூட்டர்ல பின்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். எனக்குத் தெரியல. ரெண்டு வருஷம் முன்னாடியே பாத்திருந்தா பட்டை கட்டியே சரி பண்ணியிருக்கலாமோ என்னவோன்னு அந்த டாக்டர் சொன்னார் இல்ல?"

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மயூரி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முதுகு. எட்டாவதுலயே தெரியும். கண்ணாடியில பார்த்தேன். ஒரு தோள் மேல, ஒரு தோள் கீழ. அதான் பெரிய பெரிய டிஷர்ட் போட்டேன். பை எப்பவும் ஒரே பக்கம் மாட்டினேன். உங்க முன்னாடி குனியவே மாட்டேன். கீழே ஏதாவது விழுந்தா அம்மாவை எடுக்கச் சொல்வேன்."

"சோம்பேறின்னு திட்டுவேனே!"

"ஆமா. திட்டுங்கன்னு விட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா டோல் நிறுத்திடுவீங்க நா." கணபதி ஊர்வலத்தில் டோல் அடிக்கும் குழுவில் அவள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். இடுப்பில் அந்தப் பெரிய டோல் மேளத்தைக் கட்டிக்கொண்டு லக்ஷ்மி ரோட்டில் அடித்துப் போகிற வரிசையில் நிற்பதற்காக அவள் எதையும் மறைத்திருப்பாள். "அப்புறம், சொல்லலைன்னா அது இல்லாம போயிடும்னு நினைச்சேன். பேவகூஃப், முட்டாள் நான்."

சுந்தரமூர்த்திக்கு அந்த டோலின் கயிற்றை முதல்நாள் இறுக்கிக் கட்டி விட்டது தான்தான் என்று ஞாபகம் வந்தது. இடது பக்கம் கொஞ்சம் நழுவுகிறது என்று இன்னொரு முடிச்சுப் போட்டிருந்தார். கயிற்றைத்தான் பார்த்தார்.

"நீ மறைச்சே, சரி. ஆனா நான் பாத்திருக்கணும்" என்றார்.

"நான் நல்லா மறைச்சேன்" என்றாள் மயூரி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "உங்க ஃபேக்டரி பீஸ் எல்லாம் மறைக்காது, சும்மா உக்காந்திருக்கும். அதான் ஈஸியா பிடிக்கிறீங்க."

அவர் சிரித்துவிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்ததால் அது சிரிப்பு மாதிரி கேட்கவில்லை. மயூரி கையை நீட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொள்ளப் போனார். "சுளை" என்றாள்.

பிறகு அவள் ஒரு ஏற்பாடு சொன்னாள். படுத்தபடி டைரி எழுத அவளுக்குக் கை வலிக்கிறது. இனிமேல் காலையில் அவள் சொல்லச் சொல்ல அப்பா எழுத வேண்டும். போனில் கேட்டபோது நஸ்ரினும் சம்மதித்தாள். "சொன்னதை அப்படியே எழுதணும் அங்கிள்" என்று மட்டும் எச்சரித்தாள்.

மறுநாள் காலை சுந்தரமூர்த்தி மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பேனா மூடியைத் திறந்து உட்கார்ந்தார். "வலி ரெண்டு" என்றாள் மயூரி. எழுதினார். "விமானம் ஒண்ணு." எழுதினார். "அப்பா அஞ்சு."

"நாலு."

"அஞ்சு. ரெண்டு மணிக்கு வாசல்ல நின்னு இருமினீங்க."

"இருமல் கணக்கில வருமா?"

"முழிச்சேன் நா."

தன் கையெழுத்தில், அழகான ஆங்கிலத்தில், தன்னை ஐந்து தடவை எழுதிக்கொண்டார். ஒரு தப்பான அளவைத் தெரிந்தே எழுதி அவருக்குப் பழக்கமில்லை, சரியான அளவை எழுதுவது இவ்வளவு கஷ்டம் என்றும் இதுவரை தெரியாது. அன்றிரவு மூன்று தடவை எழுந்து, இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பினார். அடுத்த நாள் இரண்டு. அதற்கடுத்து ஒன்று. ஒருநாள் காலை மயூரி, "வலி ஒண்ணு, விமானம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். "அவ்வளவுதான்" என்றாள். அபயாம்பாள் அன்று கேசரி கிளறினாள். யாருக்காக என்று சொல்லவில்லை.

மூன்றாவது வாரத்தில் மயூரி ஒரு மூச்சில் ஐந்து மணி நேரம் தூங்கினாள், நான்காவது வாரத்தில் ஏழு. முகம் தெளிந்தது, பசி வந்தது. வலி மாத்திரையை டாக்டர் பாதியாக்கினார். மாத்திரை வேலை செய்ததா, புண் ஆறியதா, அப்பா அடங்கியதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அபயாம்பாளுக்கு அதில் அக்கறையும் இல்லை. ஆறு வாரம் முடிந்து டப்பாவையும் வாட்சையும் திருப்பிக் கொடுத்தபோது, மயூரியின் உயரம் இரண்டு அங்குலம் கூடியிருந்தது. பழைய பாவாடை எல்லாம் குட்டையாகிவிட்டது.

அந்த வருடக் கணபதிக்கு அவள் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அடுத்த வருடம், டோல் கனம் கூடாது, தாஷா வாசிக்கலாம் என்று டாக்டர் அனுமதித்தார். கழுத்தில் மாட்டி இரண்டு மெல்லிய குச்சியால் அடிக்கிற சின்ன வாத்தியம் அது, சத்தம் மட்டும் சின்னதில்லை. சுந்தரமூர்த்தி ஊர்வலம் முழுவதும் அவளுக்குப் பின்னாலேயே நடந்தார். நேராக இருந்தது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் நஸ்ரின் போன் பண்ணினாள். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, மும்பைக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார்கள்.

"நாப்பத்தொண்ணு நிஜ மருந்துதான் அங்கிள்."

சுந்தரமூர்த்தி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "நான் அன்னிக்கே சொன்னேன்! அபயம், நிஜ மருந்தாம்! சொன்னேனா இல்லையா?"

"ஆனா அங்கிள், ஒருத்தரை வச்சு மருந்து வேலை செஞ்சுதுன்னு சொல்ல முடியாது. எல்லாப் பிள்ளைங்களையும் சேத்துப் பாத்துட்டிருக்காங்க. அதுல மயூரியோட முதல் ரெண்டு வாரத்தைத் தனியாத் தள்ளி வச்சுட்டாங்க."

"ஏம்மா?"

"ராத்திரி எழுப்பினது நீங்க. மாத்திரை குறைஞ்சதும் உங்களாலதான். அந்த ரெண்டு வாரத்துல எது மருந்து, எது நீங்கன்னு பிரிக்க முடியலையாம்."

போனை வைத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். ஒரு மணி நேரத்துக்குள், நாற்பத்தோராம் எண் டப்பாவில் இருந்தது அசல் மருந்துதான் என்பதும், ஒன்றரை வருடத்துக்கு முன்பே தன் உடம்பில் சோதித்து அதைக் கண்டுபிடித்தவர் யார் என்பதும் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ராமநாதனுக்கும் போன் போனது. முகுந்த் கல்லாவை விட்டு எழுந்து வந்து கை கொடுத்தான். தள்ளி வைத்த இரண்டு வாரத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேச்செடுக்கவில்லை. அதை அபயாம்பாள் சாயங்காலம் இருமல் மருந்து வாங்கப் போனபோது முகுந்திடம் சொன்னாள்.

ஐந்தரைக்கு மயூரி கிளாஸ் முடிந்து வந்தாள். சுந்தரமூர்த்தி வாசலிலேயே காத்திருந்து, செருப்பைக் கழற்றக்கூட விடாமல் விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரு காதில் இருந்த இயர்போனை எடுத்துவிட்டு இரண்டாம் தடவையாகக் கேட்டாள்.

"அச்சா? நிஜமா?" என்றாள். பிறகு அவரைத் தாண்டி உள்ளே போனாள். "அம்மா, பசிக்குது. என்ன இருக்கு?"